'சின்ஸ்' எங்கே, 'ஃபார்' எங்கே?

இப்போதைய வேலையைப் பற்றி நேர்காணலில் 'ஐ ஆம் வொர்க்கிங் தேர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று சொன்னது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும்.

முதலில் 'சின்ஸ்'. இதற்கான விடை தமிழிலேயே இருக்கிறது. 'ஐந்து வருஷமாக' என்று 'ஆக' சேர்த்துச் சொன்னால் அது கால அளவு, அங்கே 'ஃபார்' வரும். '2019-லிருந்து' என்று தொடங்கிய நேரத்தைச் சொன்னால் 'சின்ஸ்'. 'மூன்று நாளாகக் காய்ச்சல்', 'திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்' இரண்டையும் நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லையே! பேசும் முன் மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது வினைச்சொல். பலரும் தடுமாறுவது இங்கேதான். தமிழில் 'வேலை செய்கிறேன்' என்ற நிகழ்காலமே போதும். ஆங்கிலத்தில், முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்குத் தனி வடிவம் உண்டு: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. இதையே 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தமாகிவிடும். நேர்காணலில் இது சின்ன விஷயம் இல்லை.

'நோ' (know, தெரிந்திருப்பது) மாதிரி, செயலை அல்லாமல் நிலையைக் குறிக்கும் வினைக்கு 'இங்' சேராது: 'ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2010'.

அப்புறம், 'சின்ஸ் மார்னிங்'. நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான், பேச்சில் நான் திருத்த மாட்டேன். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 'சின்ஸ் திஸ் மார்னிங்' என்பார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் மின்னஞ்சலில் அந்த 'திஸ்' இருக்கட்டும்.