வாசகர் கேள்வி: ‘பீப்பிங் டாம்’ படத்தை எந்தப் பதிப்பில் பார்ப்பது?

கேள்வி: மைக்கேல் பாவெல் இயக்கிய ‘பீப்பிங் டாம்’ வெளிவந்தபோது விமர்சகர்கள் அதைத் தூற்றித் தள்ளினார்கள் என்று படித்திருக்கிறேன். இப்போது மிகத் தெளிவான படம் தரும் 4கே வட்டு வந்திருக்கிறது. பழைய டிவிடி வைத்திருப்பவர் இதையும் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்கலாம் என்றே சொல்வேன், ஏனெனில் இது வண்ணத்தாலேயே அச்சமூட்டும் படம். ஒளிப்பதிவாளர் ஓட்டோ ஹெல்லர் ஈஸ்ட்மன்கலர் வண்ணச்சுருளில் எடுத்த லண்டன் இரவுத் தெருக்களும், நாயகன் மார்க் தன் படச்சுருள்களைக் கழுவும் இருட்டறையின் செவ்வொளியும், மங்கிய பிரதியில் வெறும் கலங்கலாகிவிடும். அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி தொடங்கிய தி பிலிம் பவுண்டேஷனும் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் ஆவணக் காப்பகமும் ஸ்டுடியோகனால் நிறுவனத்துடன் சேர்ந்து புதுப்பித்த பிரதி 2023-இல் லண்டன் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அதைத்தான் 2024-இல் பிரிட்டனில் ஸ்டுடியோகனாலும் அமெரிக்காவில் கிரைட்டீரியன் நிறுவனமும் வட்டாக வெளியிட்டன.

1960-இல் எழுந்த கோபத்துக்கு விடை முதல் காட்சியிலேயே இருக்கிறது. கண் ஒன்று திறக்கிறது. பிறகு, மேலங்கிக்குள் ஒளித்துவைத்த கேமராவின் குறுக்குக்கோடுகள் வழியே, தெருவில் நிற்கும் ஒரு பெண்ணை நோக்கி நாமே நடந்துபோகிறோம். படப்பிடிப்புத் தளத்தில் ஃபோகஸ் புல்லராக, அதாவது கேமராவின் குவியத்தைச் சரிசெய்யும் உதவியாளராக, வேலை பார்க்கும் மார்க், தான் கொல்லும் பெண்களின் முகத்தில் தோன்றும் அச்சத்தைப் படம்பிடிப்பவன். பார்வையாளரை அவனுக்கு உடந்தையாக்கிய துணிச்சலைத்தான் அன்றைய விமர்சகர்களால் பொறுக்க முடியவில்லை என்பது என் எண்ணம். ‘தி ரெட் ஷூஸ்’ போன்ற படங்களால் போற்றப்பட்ட இயக்குநரிடமிருந்து இது வந்தது அவர்களுக்கு மேலும் சினமூட்டியிருக்க வேண்டும். பாவெல் தம்மையும் விட்டுவைக்கவில்லை: சிறுவன் மார்க்கை அச்சுறுத்தி அவன் நடுக்கத்தைப் பதிவுசெய்யும் தகப்பனாகத் தாமே நடித்தார், அந்தச் சிறுவனாகத் தம் மகனையே நிறுத்தினார். கார்ல் பூம் மென்மையான குரலில் நடித்த மார்க்மீது நமக்கு இரக்கம் சுரக்கும் இடம் இதுதான். எனக்கு இன்றும் மிகக் கடினமான காட்சியும் இதுவே.

திரையரங்குகளிலிருந்து விரைவில் அகற்றப்பட்ட இந்தப் படத்தை ஸ்கோர்செஸியின் முயற்சி 1979-இல் நியூயார்க் திரைப்பட விழாவில் மறுபடியும் மேடையேற்றியது என்றாலும், நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, ஒவ்வொரு கண்ணாடியும் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பை வீட்டு வீடியோதான் தந்தது.

வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். 4கே வட்டுகளுக்கு மண்டலக் கட்டுப்பாடு, அதாவது குறிப்பிட்ட நாடுகளின் கருவிகளில் மட்டுமே ஓடும் தடை, கிடையாது. ஆனால் அதே பெட்டியில் வரும் ப்ளூ-ரே வட்டு எல்லாக் கருவிகளிலும் ஓடாது. கிரைட்டீரியன் பதிப்பில் திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வியின், படத்தோடு சேர்ந்து ஒலிக்கும் விளக்கவுரை உண்டு. அதை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் முக்காலியில் மார்க் மறைத்துவைத்திருப்பது என்ன என்பதை நீங்களாகவே கண்டறிய வேண்டும். உங்களிடம் உள்ள டிவிடி கிரைட்டீரியன் 1999-இல் வெளியிட்டதானால், அந்த விளக்கவுரை அதிலேயே இருக்கிறது.