கட்டுநாயக்கவிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம்?

பல வருடமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். விலைக்கு அடுத்ததாக எல்லோரும் கேட்பது நேரக் கணக்கைத்தான்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, சென்னை 650 கிலோமீற்றர்தானே? ஜெட்டுக்கு 50 நிமிடம் போதாதா? டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணித்தியாலம்?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை, தங்கச்சி. இங்கே விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்கும் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மீனம்பாக்கத்தில் இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். 650 என்பதும் நூல் பிடித்தாற்போல் அளந்த தூரம். ஏறவும் இறங்கவும் போக, முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: யாழ்ப்பாணம் – சென்னை இதில் பாதித் தூரம்தானே, நேரம் ஏன் பாதியாகவில்லை?

தூரம் சுமார் 355 கிலோமீற்றர், சரிதான். ஆனால் பலாலிக்கு வந்து போவது ஏடிஆர் 72, விசிறி வைத்த விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் போகும். அதற்காக முகம் சுளிக்க வேண்டாம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலோரம் இருந்தால் கடலும் கரையும் மறைக்காமல் தெரியும். நான் என்றால் அதைத்தான் எடுப்பேன்.

தெஹிவளையிலிருந்து: டுபாய்க்குக் காலை 10 மணிக்கு ஏறினால் பகல் 1 மணிக்கு இறக்கமாம். மூன்று மணித்தியாலப் பயணமா?

நாலரை, ஐயா. டுபாய் மணிக்கூடு நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான்.

வத்தளையிலிருந்து: மகள் லண்டனில். போக 11 மணித்தியாலம், வரக் குறைவு. வேறு பாதையா?

பாதை கொஞ்சம் மாறும், ஆனால் முக்கிய காரணம் காற்று. தூரம் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும் காற்று, போகும்போது எதிர்க்கும், வரும்போது முதுகில் தள்ளும். மாரி காலத்தில் இன்னும் பலம். இருக்கைத் திரையில் தரை வேகம் என்று ஓர் எண் ஓடும், பாருங்கள். போகும்போது 800 காட்டினால், வரும்போது சில இடங்களில் 1,000ஐத் தொடும். அப்புறம், மகளை விமான நிலையத்துக்கு வரச் சொல்லும்போது கவனம்: இங்கே பகல் 1 மணிக்கு ஏறினால் அங்கே மாரியில் பின்னேரம் 6.30, கோடையில் 7.30. மணிக்கூட்டை மாற்றுவது அவர்கள், நாங்கள் இல்லை.

பம்பலப்பிட்டியிலிருந்து: திருச்சிக்கு ஒரு மணித்தியாலம்தானே, வீட்டிலிருந்து எப்போது வெளிக்கிடலாம்?

விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னால் கட்டுநாயக்கவில் நில்லுங்கள். அதிவேகப் பாதை அரை மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் பின்னேரத்தில் காலி வீதியைத் தாண்டி அதில் ஏறுவதற்குள், திருச்சிக்குப் பறக்கும் நேரம் போய்விடும்.