அம்மாவுக்கு ‘எதிர்ப்பு சக்தி’ பவுடர் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய், மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது. நம் உடம்பில் சுரக்கும் டிஎன்எஃப் என்ற புரதம் புற்றுநோய்ச் செல்களை ஒரே நாளில் கொல்வதாக ஒரு ஆய்வக வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. அதை அதிகப்படுத்தும் என்று சொல்லி சொந்தக்காரர் ஒருவர் பவுடர் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா டாக்டர்?
– வாசகி, ஈரோடு

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஆனால் வீடியோவில் பார்த்தது பொய்யில்லை, அதனால்தான் விளக்கமாகவே சொல்கிறேன்.

1975-ல் நியூயார்க்கில் லாயிட் ஓல்ட், எலிசபெத் கார்ஸ்வெல் குழுவினர், பிசிஜி கிருமியும் (காசநோய்த் தடுப்பூசியில் இருப்பது) பிறகு பாக்டீரியா நச்சும் செலுத்திய எலிகளின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை எடுத்து, கட்டி வளர்ந்திருந்த வேறு எலிகளுக்குப் போட்டார்கள். கட்டி நடுவிலிருந்து கறுத்து அழுகியது. அதற்குக் காரணமான புரதம்தான் டிஎன்எஃப்.

ஆய்வகத்தில் இதைச் சோதிக்க 96 சிறு குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, புரதத்தை ஊற்றி, மறுநாள் மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக மாற்றும், செத்த குழி மஞ்சளாகவே நிற்கும். பார்க்க ரொம்ப நம்பிக்கையாக இருக்கும். ஆனால் பல சோதனைகளில் கூடவே ஆக்டினோமைசின் என்ற மருந்தையும் சேர்க்கிறார்கள், வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. ஏன் சேர்க்க வேண்டும்? டிஎன்எஃப் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் ‘செத்துப்போ’ என்ற கட்டளையும் ‘பிழைத்துக்கொள்’ என்ற கட்டளையும் சேர்ந்தே கிளம்புகின்றன, பெரும்பாலான செல்கள் காப்புப் புரதங்களைத் தயாரித்துத் தப்பித்துவிடும். அந்தத் தயாரிப்பை நிறுத்தத்தான் ஆக்டினோமைசின்.

சரி, மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லையா என்றால், 1980-களிலேயே ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். குளிர் காய்ச்சல் வந்தது, ரத்த அழுத்தம் அபாயமாகச் சரிந்தது, கட்டியைத் தாக்கும் அளவுக்கு டோஸை உயர்த்த முடியவில்லை. கிருமி ரத்தத்தில் பரவி ஐசியூவுக்கு வருகிறவர்களின் அழுத்தம் விழுவதிலும் இதே புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. முடக்குவாதத்துக்கு நாங்கள் டிஎன்எஃப்-ஐ அடக்கும் ஊசி போடுகிறோம். அப்படிப்பட்ட ஒன்றை உடம்பு முழுக்கக் கூட்டுவது எப்படி நல்லதாக இருக்கும்?

ஒரே ஒரு இடத்தில் நன்றாகப் பயன்பட்டது. கை காலில் தசை, கொழுப்பு போன்ற இடங்களில் வரும் சார்கோமா என்ற புற்றுநோய்க் கட்டிக்கு, அந்தக் காலின் ரத்த ஓட்டத்தை மட்டும் உடம்பிலிருந்து பிரித்து, பம்ப் வைத்து, டிஎன்எஃப்-ஐயும் மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தையும் சேர்த்து ஓடவிட்டு, பிறகு கழுவி வெளியே எடுப்பார்கள். 1999-ல் ஐரோப்பாவில் இதற்கு அனுமதி கிடைத்தது, வெட்டி எடுக்க வேண்டிய பல கால்கள் தப்பின. அங்கேயும் டிஎன்எஃப் முக்கியமாகத் தாக்கியது கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களை. தட்டில் குழாய் ஏது?

பவுடர் டிஎன்எஃப்-ஐக் கூட்டுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொடி கீமோ சமயத்தில் கல்லீரலைக் கெடுத்தால் அடுத்த டோஸே தள்ளிப்போகும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் டப்பாவோடு உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதிர்ப்பு சக்திப் புரதம் மார்பகப் புற்றுநோயில் நிஜமாகவே உதவும் இடம் ஒன்று உண்டு. அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஹெர்2’ (சில கட்டிச் செல்களின் மேல் அதிகமாக இருக்கும் ஒரு புரதம்) என்ன என்று பாருங்கள். பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி உண்டு, அது ஒரு ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டும் எதிர்ப்புப் புரதம். கட்டிச் செல்லின் வளர்ச்சிச் சைகையைத் தடுப்பதோடு, நம் வெள்ளணுக்களையும் அங்கே அழைத்துவரும். அவை பெர்ஃபோரின் என்ற புரதத்தால் செல் சவ்வில் துளை போட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே அனுப்பிக் கொல்லும். நெகட்டிவ் என்றால் வேறு வழிகள் இருக்கின்றன, அடுத்த ஓபியில் அதையே கேளுங்கள்.

அப்புறம், வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கீமோ நடக்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காட்டினால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.