மகள் ரேஸ் கார் ஓட்டட்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்திருக்கிறாள். அவள் அப்பா மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றும் வேன் ஓட்டுகிறார். அந்த வேனின் பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதே அவள்தான். இப்போது கார் பந்தயத்துக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். "பெண் உடம்பு தாங்குமா?" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு தாய், செக்கானூரணி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மாமியார் கேட்பதைத்தான் அமெரிக்காவில் ஜேனட் கத்ரியிடமும் கேட்டார்கள். இயற்பியல் படித்து, விமானக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே பந்தயத்தில் இறங்கியவர் அவர். ஜாகுவார் கார் ஒன்றை வாங்கி, அதன் என்ஜினைத் தானே பிரித்துக் கோத்தார். 1977இல் இண்டியானாபொலிஸ் 500 என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் ஓடிய முதல் பெண் ஆனார். அப்போது அவருக்கு வயது 39! அந்த முறை என்ஜின் பழுதாகிப் பாதியில் நின்றது. மறு ஆண்டு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. வெளியே சொன்னால் ஓட்ட விடமாட்டார்கள் என்று மறைத்துவிட்டு, அதே 800 கிலோமீட்டர் பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்தார். வலியை மறைத்ததை நான் மெச்சவில்லை. உங்கள் மகள் அப்படிச் செய்யவே கூடாது. ஆனால் உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

உடம்பைவிடப் பணம்தான் பெரிய கவலை. இத்தனை செய்த ஜேனட்டின் பந்தய வாழ்க்கையே ஸ்பான்சர் கிடைக்காமல்தான் நின்றுபோனது. டயர், எரிபொருள், பயிற்சி, பயணம் எல்லாம் காசுதான். இதை மகளிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசுங்கள். நகையை அடகு வைக்காதீர்கள். அவள் ஏதாவது ஒர்க் ஷாப்பில் வேலைக்குச் சேரட்டும். சம்பளமும் வரும், கையும் பழகும். முதலில் கோ கார்ட் என்ற சின்னப் பந்தய வண்டியை ஓட்டிப் பார்க்கட்டும். கோவை செட்டிபாளையத்திலும் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் முறையான பந்தயத் தடங்கள் இருக்கின்றன. போட்டியில் இறங்க மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். நான்கு வழிச்சாலையில் வேகம் பழகுவது மட்டும் கூடவே கூடாது. அதில் நீங்கள் கண்டிப்பாகவே இருங்கள்.

முதல் முறை போகும்போது அவள் அப்பாவையும் கூட அனுப்புங்கள். வளைவுக்கு முன்னால் அவள் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறாள் என்பது நம் இருவரையும்விட அவர் கண்ணுக்குத்தான் சட்டென்று தெரியும்.