மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் மறைந்துவிடுமா?

கேள்வி: திருப்பூரில் என் கணவர் பன்னிரண்டு தையல் மிஷின் போட்டு பவர் டேபிள் யூனிட் நடத்தினார். ஆர்டர் நின்று யூனிட்டை மூடிவிட்டோம். தனிநபர் கடன் 6 லட்சம், இரண்டு கிரெடிட் கார்டில் 2.80 லட்சம், ஒரு ஃபைனான்ஸில் மிஷின் கடன் 4 லட்சம் இருக்கிறது. மிஷின் கடனுக்கு என் அண்ணன் ஜாமீன். ஆறு மாதமாக எதற்கும் தவணை கட்டவில்லை. "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடு, எல்லாம் போய்விடும். அதற்கு முன் வீட்டை மனைவி பேருக்கு எழுதிவை" என்கிறார்கள் கணவரின் நண்பர்கள். கார்டுக்காரர்கள் பாதிப் பணத்தில் செட்டில்மென்ட் பேசுகிறார்கள். எதைச் செய்தால் சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் மதிப்பெண்) கெடாது? நான் தனியார் பள்ளி ஆசிரியை. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்குக் கல்விக்கடன் கிடைக்குமா?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். தவணை 90 நாள் தாண்டினாலே அது வாராக்கடன். உங்கள் கணவரின் சிபில் ஏற்கெனவே கெட்டுவிட்டது. இனி அது எவ்வளவு சீக்கிரம் தேறும், வேறு யாரையெல்லாம் கூட இழுக்கும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

மஞ்சள் நோட்டீஸ், அதாவது ஐ.பி. என்கிற திவால் மனு கொடுப்பது பற்றி. 2016இல் புதிய திவால் சட்டம் வந்தது உண்மை. ஆனால் தனிமனிதர்களுக்கான அதன் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. உங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இன்னும் 1920ஆம் ஆண்டுச் சட்டம்தான். மனு போட்ட மறுநாள் கடன் அழிந்துவிடாது. கடன் கொடுத்த எல்லோருக்கும் தகவல் போகும். சொத்து, வரவு, செலவு எல்லாவற்றையும் கோர்ட்டில் காட்ட வேண்டும். திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தால், அவருடைய சொத்து கோர்ட்டின் பொறுப்புக்கோ, கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். பிறகு கடன்களிலிருந்து விடுவிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த இடைக்காலத்துக்கு ஒரு விதி உண்டு. விடுவிப்புக் கிடைக்காதவர், தான் திவாலானவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாய்க்கோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 1920இல் எழுதிய அதே ஐம்பது ரூபாய்தான் இன்றும். மளிகைக் கடைப் பற்று நோட்டில் ஒரு வாரக் கணக்கு எழுதினாலே அதைத் தாண்டிவிடும். மறுபடி தொழில் தொடங்க நினைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய கட்டு என்று பாருங்கள்.

வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றவே மாற்றாதீர்கள். மாற்றிய இரண்டு ஆண்டுக்குள் ஐ.பி. போட்டு அவர் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டால், விலை வாங்காமல் மனைவிக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் கோர்ட் ரத்து செய்துவிடலாம். கடன்காரரை ஏமாற்றப் பார்த்தார் என்ற பெயரும் சேரும். யோசனை சொன்ன நண்பர்கள் அன்றைக்குக் கூட வரமாட்டார்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது உங்கள் அண்ணன்தான். உங்கள் கணவருக்கு விடுவிப்புக் கிடைத்தாலும் ஜாமீன்தாரருக்குக் கிடைக்காது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. முழுத் தொகையும் அவர் தலையில் விழும். ஜாமீன் போட்ட கடன் அவருடைய சிபில் ரிப்போர்ட்டிலும் ஏறும் என்பதால், இந்த ஆறு மாதத் தவறு அவரையும் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம். அவருக்கு இது தெரியுமா? கலெக்‌ஷன் ஆள் அவர் வீட்டு வாசலில் நிற்பதற்கு முன் நீங்களும் கணவரும் நேரில் போய்ச் சொல்லுங்கள். கட்டுவதென்றால் முதலில் கட்ட வேண்டியதும் இந்தக் கடனைத்தான். மிஷின்கள் சும்மா கிடந்தால், ஃபைனான்ஸில் எழுத்தில் சம்மதம் வாங்கி விற்று, அந்தப் பணத்தை நேராக இந்தக் கடனில் வரவு வைக்கச் சொல்லுங்கள். சம்மதம் இல்லாமல் ஒரு மிஷினைக்கூட நகர்த்தாதீர்கள்.

செட்டில்மென்ட் என்ற சொல்லைக் கேட்டுப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பாதி கட்டி முடித்தால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். முழுதும் கட்டினால்தான் 'குளோஸ்டு'. 'செட்டில்டு' என்றால், இவர் வாங்கியதை முழுதாகத் தரவில்லை என்றுதான் அடுத்த வங்கி படித்துக்கொள்ளும். அந்தப் பதிவு வருடக்கணக்கில் நிற்கும். 2023இல் ரிசர்வ் வங்கி சொன்னபடி, இப்படிச் சமரசம் செய்துகொண்டவருக்கு அதே வங்கி குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தரக்கூடாது. ஆகவே முழு அசலையும் கட்டுகிறோம், வட்டியையும் அபராதத்தையும் குறைத்துத் தவணையாக்குங்கள் என்று முதலில் கேளுங்கள். முடியவே முடியாது என்ற நிலை வந்தால் மட்டும் செட்டில்மென்ட். அதுவும் வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகு, வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். ஏஜென்ட் கையில் ரொக்கம் வேண்டாம். அவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் ஃபோன் செய்யக்கூடாது. செய்தால் தேதி, நேரம் குறித்துவைத்து வங்கியில் புகார் கொடுங்கள்.

இனி உங்கள் மகள். கணவன் கடன் மனைவியின் சிபிலில் ஏறாது, நீங்களும் கூட்டாகக் கையெழுத்துப் போடாதவரை. கல்விக்கடனில் பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடன்தாரராகச் சேர்வது வழக்கம். அங்கே அப்பாவுக்குப் பதில் நீங்கள் நிற்கலாம். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: கணவரின் கார்டை அடைக்க உங்கள் பெயரில் தனிநபர் கடன் எடுக்காதீர்கள். நகைக்கடன் வைத்தாலும் தவணை தவறவிடாதீர்கள். உங்கள் பெயர் சுத்தமாக இருப்பதுதான் இப்போது இந்த வீட்டின் பெரிய சொத்து. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் குறிப்பிட்ட உயர்தரக் கல்லூரிகளுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறார்கள். மகள் சேர விரும்பும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த வாரமே நீங்கள், கணவர், அண்ணன் மூவரும் தனித்தனியாக சிபில் ரிப்போர்ட் எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட் இலவசம். கட்டிய தொகை வரவாகாமல் இருந்தால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். மூன்று ரிப்போர்ட்டும் வந்ததும் பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்து எனக்கு அனுப்புங்கள். மாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்பதையும் எழுதுங்கள். மிஷின் கடனுக்கு அடுத்து எதில் கை வைப்பது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.