இரவில் எழும்போது தலை சுற்றுகிறது: குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு 68 வயது. மல்லாவிப் பக்கம் கமம் செய்கிறேன். இரவில் நான்கைந்து தடவை சலம் கழிக்க எழும்ப வேண்டியிருந்தது. புரொஸ்டேட் வீக்கம் என்று கிளினிக்கில் டாம்சுலோசின் தந்தார்கள். இப்போது சலம் சுகமாகப் போகிறது. ஆனால் எழும்பினால் தலை சுற்றுகிறது. ஒருநாள் இரவு முற்றத்தில் விழுந்துவிட்டேன். பயத்தில் இடையிடையே குளிசையை விட்டுவிடுகிறேன். பிரஷருக்கும் மருந்து எடுக்கிறேன். கனடாவில் இருக்கும் மகன் பினாஸ்டரைட் அனுப்பியிருக்கிறான். சேர்த்துப் போடலாமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது நீங்கள் விழுந்த செய்திதான். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், இரவில் நான்கு தடவை எழும்புவது பெரிய தொல்லையாகவே தெரியாது.

டாம்சுலோசின் புரொஸ்டேட் சுரப்பியைச் சுருக்குவதில்லை. சுரப்பியிலும் சலப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்தி வழிவிடுகிறது. அதனால்தான் சில நாட்களிலேயே சுகம் தெரிகிறது. இரத்தக் குழாய்களையும் அது ஓரளவு தளர்த்தும். பிரஷர் மருந்தும் சேரும்போது, சட்டென்று எழும்பினால் இரத்த அழுத்தம் இறங்கிவிடும். வயலில் வெயில் காய்ந்து தண்ணீர் குடிக்காத நாளில் இன்னும் மோசம். சலத்துக்குப் பயந்து பகலிலும் தாகத்தை அடக்குகிறவர்களை நம் பக்கத்தில் நிறையக் காண்கிறேன். பகலில் தாராளமாகக் குடியுங்கள். பொழுதுபட்ட பிறகு தேநீரைக் குறையுங்கள்.

இரவில் எழும்பும்போது கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் இருங்கள். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு எழும்புங்கள். மலசலகூடம் வளவின் கோடியில் என்றால், கட்டிலடியில் ஒரு போத்தல் வைத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

வழக்கமான அளவு நாளுக்கு ஒன்று, 0.4 மில்லிகிராம். தினமும் ஒரே வேளைச் சாப்பாடு முடிந்து அரை மணிநேரம் கழித்து எடுங்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் மருந்து கூடுதலாக உறிஞ்சப்பட்டு தலைச்சுற்றும் கூடும். உடைக்காமல், திறக்காமல் விழுங்க வேண்டும். விட்டுவிட்டு எடுப்பதும் தலைச்சுற்றை வரவழைக்கும். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். பல நாள் விட்டிருந்தால் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிரஷரை இருந்தும் நின்றும் அளக்கச் சொல்லுங்கள். எந்த மருந்தைக் குறைப்பது என்று அதைப் பார்த்துத்தான் வைத்தியர் முடிவெடுக்க முடியும்.

மகன் அனுப்பிய பார்சலுக்கு வருவோம். பினாஸ்டரைட்டை டாம்சுலோசினோடு சேர்த்துக் கொடுப்பதுண்டு, சுரப்பி பெரிதாக இருந்தால். அது மெல்லச் சுருக்கும் மருந்து. பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். ஆனால் அது, புரொஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க உதவும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை அளவை ஏறத்தாழப் பாதியாக்கும். நீங்களாகப் போட்டுக்கொண்டால், பிறகு அந்த அளவைப் பார்க்கும் வைத்தியர் புற்றுநோயின் அறிகுறியைத் தவறவிடக்கூடும். பரிசோதனை முடியும்வரை பெட்டி மூடியே இருக்கட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த குளிசையை அவர் தொடவே கூடாது.

மற்ற மருந்துகளிலும் கண் வையுங்கள். தடிமனுக்குப் பார்மசியில் வாங்கும் பிரிட்டன் (Piriton) போன்ற குளிசைகளும் மூக்கடைப்பு மருந்துகளும் சலத்தை அடைத்துவிடலாம். ஆண்மைக்கென்று வாங்கும் சில்டெனாபில் பிரஷரை மேலும் இறக்கும். வைத்தியரிடம் கேட்க வெட்கப்பட்டு அதை மறைக்கிறவர்கள்தான் மயங்கி விழுகிறார்கள். கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் போனால் டாம்சுலோசின் எடுப்பதை, முன்பு எடுத்து நிறுத்தியிருந்தாலும், கண் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கருவிழிப்படலம் தளர்ந்து சத்திரசிகிச்சை சிக்கலாகலாம். தெரிந்திருந்தால் அவர் அதற்குத் தயாராகச் செய்வார்.

அடிவயிறு உப்பி, முக்கியும் ஒரு சொட்டும் வராவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். குளிசையைக் கூட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஓட்டோவோ அம்புலன்ஸோ பிடித்து அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். குழாய் போட்டால் சில நிமிடங்களில் வலி அடங்கும். சலத்தில் இரத்தம் கண்டாலும், காய்ச்சலோடு எரிவு வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். போகும்போது கிளினிக் கொப்பியோடு வீட்டிலுள்ள எல்லா மருந்தையும், கனடாப் பெட்டியையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.