ஒரே சீசன் ஆடிய அணியின் கதையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நாங்கள் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறோம். மகன் லாக்ராஸ் (வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து வீசி கோல் போடும் விளையாட்டு) ஆடுகிறான். நம் ஊரில் இருந்து காணாமல்போன ஒரு விளையாட்டு அணியைப் பற்றி எழுதிவரும்படி பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். 'பிட்ஸ்பர்க் க்ராஸ்ஃபயர்' என்ற உள்ளரங்க லாக்ராஸ் அணியை எடுத்திருக்கிறான். ஓரிடத்தில் அதைப் பால்டிமோர் அணி என்கிறார்கள், இன்னோரிடத்தில் வாஷிங்டன், வேறோரிடத்தில் கொலராடோ. எது சரி? எப்படி எழுதச் சொல்வது?

பதில்: மூன்றுமே சரி. ஊர்ப் பெயரை வைத்துத் தேடுவதால்தான் குழப்பம். க்ராஸ்ஃபயர் ஆடிய லீக்கில் அணி என்பது அடிப்படையில் ஓர் உரிமம். ஊர் மாறும்போது பெயரும் சீருடையும் மாறிவிடும், உரிமம் மட்டும் தொடரும். உங்கள் மகன் அந்த உரிமத்தின் பின்னால் போகட்டும்.

கதை 1987-இல் தொடங்குகிறது. பிலடெல்ஃபியா விங்ஸ், நியூ ஜெர்சி செயின்ட்ஸ், வாஷிங்டன் வேவ், பால்டிமோர் தண்டர் என்று நான்கே அணிகளோடு ஓர் உள்ளரங்க லீக் ஆரம்பமானது. முதல் பட்டம் தண்டருக்கு. இறுதி ஆட்டத்தில் வேவ் அணியை 11-10 என்று ஒரே கோல் வித்தியாசத்தில் வென்றார்கள். க்ராஸ்ஃபயரின் பூர்வீகம் இந்தத் தண்டர்தான். 1999 வரை பால்டிமோரில் ஆடிவிட்டு, 2000-இல் பிட்ஸ்பர்க் வந்தது. இருந்தது ஒரே சீசன். அடுத்த இரண்டு சீசன்கள் வாஷிங்டன் பவர் என்ற பெயரில். 2003 முதல் டென்வரில் கொலராடோ மாமத். மாமத் 2006-லும் 2022-லும் பட்டம் வென்று, இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஆக, க்ராஸ்ஃபயர் ஊரைவிட்டுத்தான் போனது, உரிமம் அழியவில்லை. கட்டுரையில் இதை முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

இரண்டு இடங்களில் தவறு வர வாய்ப்பு உண்டு. 1987-இல் தோற்ற வாஷிங்டன் வேவ் வேறு, பிறகு வந்த வாஷிங்டன் பவர் வேறு. அப்புறம், பிட்ஸ்பர்க்கிலேயே 1990 முதல் 1993 வரை 'புல்ஸ்' என்ற அணி இருந்தது. க்ராஸ்ஃபயரை அதன் வாரிசு என்று எழுதிவிடக் கூடாது. இரண்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. புல்ஸ் காலத்தில் அணிகளில் பெரும்பாலானவை லீக்குக்கே சொந்தம். ஓர் ஊரில் சரிவராவிட்டால் லீக் அந்த அணியை மூடிவிடும், கதை அதோடு முடிந்தது. 1998-இல் அந்த லீக் நேஷனல் லாக்ராஸ் லீக் என்று மாறியபோது தனித்தனி உரிமையாளர்கள் வந்தார்கள். காசு போட்டவர் அணியை மூடுவதைவிட வேறு ஊரில் முயன்று பார்க்கவே நினைப்பார். புல்ஸ் மறைந்ததும் க்ராஸ்ஃபயர் இடம் மாறியதும் இந்த வேறுபாட்டால்தான் என்பது என் கருத்து. கட்டுரையின் மையமாக இதை வைக்கலாம்.

க்ராஸ்ஃபயர் ஆடிய 2000-இல் ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள், அதில் பாதிதான் சொந்த ஊரில். குளிர்காலத்தில் ஆறே ஆறு இரவுகள்! ஒரு புது விளையாட்டு ஓர் ஊரின் பழக்கமாக மாற அது போதவே போதாது.

இத்தனைக்கும் அணியில் இருந்தவர் கேரி கெய்ட். 1995 முதல் 1999 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கிய மனிதர் அந்த ஆண்டு பிட்ஸ்பர்க் சீருடையில் ஆடினார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. பால்டிமோர், பிட்ஸ்பர்க், வாஷிங்டன், கொலராடோ என்று நான்கு பெயர்களிலும் அவர் ஆடினார். 2006-இல் மாமத் பட்டம் வென்றபோது பயிற்சியாளரும் அவரே. நான்கு ஊர்களையும் ஒரே கதையாகக் கோக்க உங்கள் மகனுக்கு இவரைவிட நல்ல நூல் கிடைக்காது.

சரி, எங்கே தேடுவது? முதலில் எழுத்துக்கூட்டல். லாக்ராஸ் மட்டைக்கே 'க்ராஸ்' என்றுதான் பெயர். அணியின் பெயர் அதை வைத்து அமைத்த சொல் விளையாட்டு. அதனால் ஆங்கிலத்தில் 'க்ராஸ்' என்ற பகுதியின் கடைசியில் ஓர் 'இ' வரும். அது இல்லாமல் தேடினால் வேறு எதையெதையோ காட்டும். பிறகு கார்னகி நூலகத்துக்குப் போய் 2000 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான பிட்ஸ்பர்க் போஸ்ட்-கெஸட் விளையாட்டுப் பக்கங்களைக் கேளுங்கள். ஆட்டத்துக்கு மறுநாள் வந்த செய்தியை நகலெடுத்துக்கொண்டால், இணையத்தில் இருக்கும் தொகுப்புகளைவிட நம்பகமானது. ஹெய்ன்ஸ் வரலாற்று மையத்துக்குள் மேற்கு பென்சில்வேனியா விளையாட்டு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயும் விசாரியுங்கள்.

அணி ஆடிய மெலன் அரங்கம் இப்போது இல்லை. சிவிக் அரீனா என்று 1961-இல் திறக்கப்பட்ட, கூரை திறந்து மூடும் அதே கட்டடம்தான். ஊரின் பனி ஹாக்கி அணியான பெங்குவின்ஸ் ஆடிய பனித்தளத்தின் மேல் செயற்கைப் புல் விரித்து அங்கே லாக்ராஸ் ஆடினார்கள். 2012-க்குள் முழுவதும் இடித்துவிட்டார்கள். பெங்குவின்ஸின் இப்போதைய அரங்குக்கு எதிர்ப்புறம்தான் அந்த இடம். மகனை அழைத்துப்போய், அவன் தன் மட்டையோடு அங்கே நிற்க ஒரு படம் எடுங்கள். கட்டுரையின் முதல் பக்கத்துக்கு ஆகும்.